ஒரு திரை மட்டும் படுக்கட்டும்: மொபைல் செயலியில் திரைக்குத் திரை ஓரியன்டேஷனைக் கட்டுப்படுத்தும் முழு வழிகாட்டி

"வீடியோ ஓடும் திரை மட்டும் லேண்ட்ஸ்கேப்பில் வரட்டும், மற்றதெல்லாம் போர்ட்ரெய்ட்டிலேயே இருக்கட்டும்." ஒரே வரிதான் (லேண்ட்ஸ்கேப் என்றால் குறுக்குவாக்கு, போர்ட்ரெய்ட் என்றால் நெட்டுவாக்கு). கேட்பவருக்கும் சரி, செய்பவருக்கும் சரி, அரை மணி நேர வேலையாகத்தான் தெரியும். நானும் அப்படி நினைத்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒத்துக்கொண்டவன்தான். திங்கள்கிழமை வந்த பிழைப்பட்டியலில் முதல் வரி: வீடியோவிலிருந்து திரும்பி வந்தால் முகப்புத் திரை குறுக்குவாக்கில் படுத்துக் கிடக்கிறது. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: சில சமயம் மட்டும்.

அந்தச் "சில சமயம்" எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டால் மீதி வேலை எளிது. திரை என்று நாம் சொல்வது நம் மனதில்தான் தனிப் பொருள். எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்ற நிலை, அதாவது ஓரியன்டேஷன், ஆண்ட்ராய்டில் ஆக்டிவிட்டிக்குச் (திரைகளைத் தாங்கும் அடிப்படைக் கூறு) சொந்தம்; ஐஓஎஸ்ஸில் விண்டோ சீனுக்குச் (செயலியின் ஜன்னலைத் தாங்கும் கூறு) சொந்தம்; இரண்டுக்கும் ஒரே கோடால் செயலி எழுதும் ஃபிளட்டரில் மொத்தச் செயலிக்கும் பொது. பத்துத் திரைகள் சேர்ந்து ஒரே நிலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்று அதை மாற்றிவிட்டுப் போனால், அடுத்தது அந்த மாற்றத்திலேயே குடியிருக்க வேண்டியதுதான். வீட்டைக் காலி செய்தவர் சுவரில் விட்டுப்போன ஆணி, புதிதாக வந்தவர் சட்டையைக் கிழிப்பது மாதிரி.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓரியன்டேஷனை யார் கேட்கிறார்கள்? எந்த நேரத்தில் கேட்கிறார்கள்? பழைய நிலைக்குத் திருப்பி வைப்பது யார் பொறுப்பு?

கோடில் வரும் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் முதல் நாலைந்து எழுத்தை அடித்தால் மீதியை அதுவே நிரப்பிக் கொடுக்கும்.

படி 1: கோடைத் தொடும் முன் ஒரு பட்டியல்

செயலியில் உள்ள எல்லாத் திரைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தெந்த நிலை அனுமதி என்றும், ஏன் என்றும் குறியுங்கள். இந்த "ஏன்" பகுதிதான் முக்கியம். கையெழுத்து வாங்கும் திரைக்கு அகலம் வேண்டும். பியானோ வாசிக்கும் திரைக்குக் கட்டைகள் வரிசையாக நிற்க இடம் வேண்டும். இவை நியாயமான காரணங்கள். "டிசைனர் குறுக்குவாக்கு வடிவத்தை வரைந்து தரவில்லை" என்பது காரணம் அல்ல, பின்னால் அடைக்க வேண்டிய கடன்.

இது என் சொந்தப் பிடிவாதம் மட்டும் இல்லை. 2018-இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் வழிகாட்டுதல்களில் 1.3.4 என்ற விதி, இரட்டை ஏ நிலையில், இதைத்தான் சொல்கிறது: ஒரு குறிப்பிட்ட ஓரியன்டேஷன் இன்றியமையாததாக இருந்தால் ஒழிய, உள்ளடக்கத்தை ஒரே நிலையில் பூட்டக் கூடாது. சக்கர நாற்காலியின் கையில் டேப்லெட்டைப் பொருத்தி வைத்திருப்பவரால் அதைக் கழற்றித் திருப்ப முடியாது. அவருக்கு நம் செயலி எப்போதும் பக்கவாட்டில் படுத்தே தெரியும்.

இன்னொரு பக்கம், பூட்டுவதற்கு நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. போன்களின் அகலம் பெரும்பாலும் 360-இலிருந்து 430 டிபிக்குள் (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) இருக்கும். போனைப் படுக்க வைத்தால் அதுதான் உயரம். 360-இல் மேல்பட்டை 64 டிபியையும் கீழ்வழிசெலுத்தல் பட்டை 80 டிபியையும் எடுத்துக்கொண்டால் மிச்சம் 216. அதில் கீபோர்டும் எழுந்து வந்தால், படிவத்தில் எந்தக் கட்டத்தில் தட்டச்சு செய்கிறோம் என்பதே தெரியாது. நீண்ட படிவத்தைப் போனில் மட்டும் நெட்டுவாக்கில் நிறுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். டேப்லெட்டிலும் அப்படியே நிறுத்தினால் சொல்வேன்.

பட்டியல் முடிந்ததும் மூன்று கூட்டம் தெரியும்: நெட்டுவாக்கு மட்டும், குறுக்குவாக்கு மட்டும், எதுவானாலும் சரி. மூன்றாவது கூட்டம் பெரிதாக இருக்கும் அளவுக்கு உங்கள் வேலை குறையும்.

படி 2: ஆண்ட்ராய்டில் எந்தச் சொல்லைத் தேர்வது

திரைக்கு ஒரு ஆக்டிவிட்டி என்ற பழைய கட்டமைப்பு என்றால் கதை சுருக்கம். மேனிஃபெஸ்ட் கோப்பில் அந்தந்த ஆக்டிவிட்டிக்கு ஸ்க்ரீன்ஓரியன்டேஷன் என்ற பண்பைக் கொடுத்தால் முடிந்தது. ஆக்டிவிட்டி போனால் அதன் கோரிக்கையும் போய்விடும். திருப்பி வைக்க எதுவும் இல்லை. ஒரே ஒரு வீடியோ திரைக்காக நிலையை மாற்ற வேண்டியிருந்தால், அதற்கு மட்டும் தனி ஆக்டிவிட்டி வைப்பதை இன்றும் நான் பரிந்துரைப்பேன். பழைய பாணி என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆனால் அந்தப் பண்புக்கு எந்த மதிப்பைக் கொடுப்பது என்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். லேண்ட்ஸ்கேப் என்று மட்டும் கொடுத்தால் ஒரே ஒரு பக்கம்தான். போனை மறுபக்கமாகப் படுக்க வைப்பவருக்குப் படம் தலைகீழாகத் தெரியும். சென்சார்லேண்ட்ஸ்கேப் கொடுத்தால் இரண்டு பக்கமும் சரியாக வரும். ஆனால் பயனர் போனில் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்து வைத்திருந்தாலும் அதை மதிக்காமல் திரும்பும். யூசர்லேண்ட்ஸ்கேப் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: ஆட்டோ ரொட்டேட் இருந்தால் இரண்டு பக்கமும், அணைத்திருந்தால் ஒரு பக்கம் மட்டும். இது ஏபிஐ 18-இல் (ஆண்ட்ராய்டுப் பதிப்பைக் குறிக்கும் எண்) வந்தது. வீடியோவுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துப் பார்ப்பவர் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்தது காரணமில்லாமல் அல்ல. நெட்டுவாக்குக்கும் இதே மூவர் உண்டு. எதுவானாலும் சரி என்ற கூட்டத்துக்கு எதையும் எழுதாமல் விடுங்கள். அன்ஸ்பெசிஃபைட் என்பதே இயல்பு.

படி 3: ஒற்றை ஆக்டிவிட்டி, பல திரைகள்

ஃபிராக்மென்ட்டுகளோ (ஆக்டிவிட்டிக்குள் வாழும் திரைத்துண்டுகள்) கம்போஸோ (கோடாலேயே திரையை வரையும் கருவித்தொகுப்பு) கொண்டு ஒரே ஆக்டிவிட்டியில் எல்லாத் திரைகளையும் வைத்திருந்தால் மேனிஃபெஸ்ட் உதவாது. ஓடும்போதே செட்ரிக்வெஸ்டட்ஓரியன்டேஷன் என்ற அழைப்பால் கேட்க வேண்டும். "சில சமயம் மட்டும்" பிழைகள் பிறக்கும் இடம் இதுதான்.

ஃபிராக்மென்ட் என்றால் ஆன்ரெஸ்யூமில் (திரை முன்னுக்கு வரும்போதெல்லாம் ஓடுவது) கேளுங்கள், ஆன்கிரியேட்டில் வேண்டாம். ஆன்கிரியேட் ஒருமுறைதான் ஓடும். வேறு திரைக்குப் போய்த் திரும்பி வரும்போது ஃபிராக்மென்ட் உயிரோடுதான் இருக்கும், ஆனால் கோரிக்கை வைக்க யாரும் இருக்க மாட்டார்கள். எல்லா ஃபிராக்மென்ட்டுகளும் ஒரே தாய் வகுப்பிலிருந்து வரட்டும். அந்தத் தாய் வகுப்பு, "எனக்கு வேண்டிய நிலை இது" என்று ஒரு மதிப்பை வைத்திருக்கட்டும், இயல்பாக அன்ஸ்பெசிஃபைட். ஒவ்வொரு திரையும் தான் கண்ணுக்குத் தெரியும்போது தன் தேவையைச் சொல்லிவிடும். அப்படிச் செய்தால் "திருப்பி வைப்பது" என்ற வேலையே மறைந்துவிடுகிறது. இந்த வழிகாட்டியில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: வெளியேறும் திரை பழையபடி மாற்றிவிட்டுப் போகும் என்று நம்பாதீர்கள், உள்ளே வரும் திரை தனக்கு வேண்டியதைக் கேட்கட்டும்.

கம்போஸில் பலரும் எழுதுவது டிஸ்போசபிள்எஃபெக்ட். உள்ளே வரும்போது தற்போதைய நிலையை ஒரு மாறியில் சேமித்து, லேண்ட்ஸ்கேப் கேட்டு, ஆன்டிஸ்போஸில் (திரை போகும்போது ஓடும் பகுதி) சேமித்ததைத் திருப்பி வைப்பார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் லேண்ட்ஸ்கேப் கேட்ட மறுகணமே போன் திரும்பி, ஆக்டிவிட்டி அழிந்து மறுபடி பிறக்கிறது. பழைய ஆக்டிவிட்டி சாகும்போது ஆன்டிஸ்போஸ் ஓடி நிலையை மாற்றப் பார்க்கும்; புதியது பிறந்ததும் மறுபடி லேண்ட்ஸ்கேப் கேட்கும். திரை இரண்டு தடவை துள்ளுவது இதனால்தான். கோரிக்கை வைத்த ஓரியன்டேஷன் ஆக்டிவிட்டி மறுபிறப்பிலும் தொடர்வதால், புதிய பிறவியில் நீங்கள் "முந்தைய நிலை" என்று சேமிப்பது லேண்ட்ஸ்கேப்பாகவே இருந்துவிடவும் கூடும். பிறகு எதைத் திருப்பி வைத்தாலும் லேண்ட்ஸ்கேப்தான்.

மருந்து இரண்டு சொட்டு. முதலாவது, நினைவில் வைத்ததைத் திருப்பி வைக்காதீர்கள். செயலியின் இயல்பு நிலை எதுவோ அதை நேரடியாக எழுதுங்கள். இரண்டாவது, ஆன்டிஸ்போஸுக்குள் ஆக்டிவிட்டியின் இஸ்சேஞ்சிங்கான்ஃபிகரேஷன்ஸ் உண்மை என்றால் எதையும் செய்யாமல் வெளியேறுங்கள். இன்னும் நல்லது, நேவிகேஷன் மாறும் ஒரே இடத்தில், எந்த ரூட்டுக்கு (நேவிகேஷனில் ஒரு திரையின் முகவரி) எந்த நிலை என்ற பட்டியலைப் பார்த்துக் கேட்பது.

படி 4: திரும்பும்போது தரவு தொலையாமல்

ஓரியன்டேஷன் மாறினால் ஆண்ட்ராய்டு இயல்பாக ஆக்டிவிட்டியை அழித்து மறுபடி கட்டுகிறது என்றேன். பாதி நிரப்பிய படிவம், ஓடிக்கொண்டிருந்த வீடியோவின் இடம், எல்லாம் அதோடு போகும். வியூமாடலில் (தரவை ஆக்டிவிட்டிக்கு வெளியே வைத்திருக்கும் வகுப்பு) வைத்தது பிழைக்கும். கம்போஸில் ரிமெம்பரில் வைத்தது போகும். ரிமெம்பர்சேவபிளில் வைத்தது பிழைக்கும்.

இந்த அழிவையே தவிர்க்க மேனிஃபெஸ்ட்டில் கான்ஃபிக்சேஞ்சஸ் என்ற பண்பு உண்டு. இதில் ஓரியன்டேஷன் என்று மட்டும் எழுதிவிட்டு, வேலை செய்யவில்லையே என்று தலையைச் சொறிந்தவர்கள் ஏராளம். ஆண்ட்ராய்டு 3.2, அதாவது ஏபிஐ 13 முதல், போன் திரும்பினால் திரையளவும் மாறியதாகவே கணக்கு. ஆகவே ஸ்க்ரீன்சைஸையும் சேர்க்க வேண்டும். வீடியோ திரையாக இருந்தால் ஸ்க்ரீன்லேஅவுட், ஸ்மாலஸ்ட்ஸ்க்ரீன்சைஸ் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பிக்சர் இன் பிக்சர் வசதிக்கும் (வீடியோ சிறு ஜன்னலில் ஓடுவது) அவை தேவை. வீடியோவுக்கு இது சரியான தீர்வு. மற்றத் திரைகளில் தரவைச் சேமிக்காமல் மழுப்புவதற்கு இதைப் பயன்படுத்தினால், ஆக்டிவிட்டி வேறு காரணத்துக்காக அழியும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" என்பதைப் போட்டுவிட்டு, செயலியை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அந்த நாளை இன்றே பார்த்துவிடலாம்.

ஒரு பழைய கண்ணிவெடியையும் சொல்லிவிடுகிறேன். பின்னணி ஊடுருவித் தெரியும் ஆக்டிவிட்டிக்கு ஓரியன்டேஷனைப் பூட்டினால் ஆண்ட்ராய்டு 8.0-இல் செயலி உடைந்து விழும். இலக்கு ஏபிஐ 27 அல்லது அதற்கு மேல் இருந்தால். 8.1-இல் அப்படி விழாது. அதனால்தான் "என் போனில் நன்றாக ஓடுகிறதே" என்ற வசனம் அந்தப் பிழையோடு கூடவே வரும். டயலாக் போலத் தெரியும் ஆக்டிவிட்டிகளில் அந்தப் பண்பை எழுதாமல் விடுவதே வழி.

படி 5: முழுத்திரைப் பொத்தான்

இது தனிப்படியாக நிற்கக் காரணம் உண்டு. பயனர் போனை நெட்டுவாக்கில் பிடித்தபடி முழுத்திரைப் பொத்தானைத் தட்டுகிறார். வீடியோ குறுக்குவாக்கில் விரிய வேண்டும். அப்புறம் அவர் போனைப் படுக்க வைத்துப் பார்க்கிறார். முடிந்ததும் போனை நிமிர்த்துகிறார். நிமிர்த்தியதும் வீடியோ தானாகச் சுருங்கும் என்று அவர் எதிர்பார்ப்பார்.

பொத்தானைத் தட்டியதும் லேண்ட்ஸ்கேப்பில் பூட்டிவிட்டால், நிமிர்த்தும்போது எதுவும் நடக்காது. சரி, தட்டியதும் லேண்ட்ஸ்கேப் கேட்டு உடனே பூட்டை எடுத்துவிடலாமா? அதுவும் நடக்காது, போன் இன்னும் கையில் நெட்டுவாக்கில்தானே இருக்கிறது, சென்சார் அதைப் பார்த்து வீடியோவை மறுபடி சுருக்கிவிடும்.

ஆக, பூட்டை எடுக்கும் நேரம் பொத்தானைத் தட்டும்போது அல்ல, போன் உண்மையிலேயே படுக்கும்போது. ஆண்ட்ராய்டில் ஓரியன்டேஷன்ஈவன்ட்லிசனர் என்ற வகுப்பு, போன் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று 0 முதல் 359 வரை சொல்லிக்கொண்டே இருக்கும். மேசைமேல் மல்லாத்தி வைத்தால் -1 தரும். பொத்தான் தட்டியதும் பூட்டுங்கள், லிசனரை இயக்குங்கள். கோணம் 90-க்கோ 270-க்கோ அருகே வந்ததும் (நான் இருபது டிகிரி வரை விட்டுக்கொடுப்பேன்) பூட்டை எடுத்துவிட்டு லிசனரை நிறுத்துங்கள். அதன் பிறகு போனை நிமிர்த்தினால் இயங்குதளம் இயல்பாகத் திருப்பும். திரும்பியதைப் பார்த்து நீங்கள் முழுத்திரையிலிருந்து வெளியேறலாம். திரும்பவும் பொத்தானைத் தட்டி வெளியேறும்போது இதே நாடகம் எதிர்த்திசையில்.

இதில் ஒரு விலக்கு. பயனர் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்திருந்தால் பூட்டை எடுக்கவே கூடாது. எடுத்தால் வீடியோ போர்ட்ரெய்ட்டுக்கு விழுந்துவிடும். போனின் அமைப்புகளில் ஆக்சிலரோமீட்டர்ரொட்டேஷன் மதிப்பைப் படித்து முடிவு செய்யுங்கள்.

படி 6: ஐஓஎஸ்ஸின் வாசல்கள்

ஐஓஎஸ்ஸில் ஓரியன்டேஷன் கோரிக்கை இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலாவது செயலி அளவில்: இன்ஃபோ பிலிஸ்ட் கோப்பில் குறித்த நிலைகள். ஆப் டெலிகேட்டில் சப்போர்ட்டட்இன்டர்ஃபேஸ்ஓரியன்டேஷன்ஸ்ஃபார் என்ற முறையை எழுதியிருந்தால் கோப்பில் உள்ளதை அது மேலோங்கும். இரண்டாவது, மேலே நிற்கும் முழுத்திரை வியூ கன்ட்ரோலர் (ஐஓஎஸ்ஸில் ஒரு திரையை நடத்தும் பொருள்) தன் சப்போர்ட்டட்இன்டர்ஃபேஸ்ஓரியன்டேஷன்ஸில் சொல்வது. இரண்டுக்கும் பொதுவான நிலைகளே செல்லும். செயலி அளவில் போர்ட்ரெய்ட் மட்டும் வைத்துவிட்டு, திரையில் லேண்ட்ஸ்கேப் மட்டும் கேட்டால் பொதுவாக எதுவுமே இருக்காது. செயலி உடைந்து விழுவதும் உண்டு. ஆகவே செயலி அளவில் தாராளமாக இருங்கள், கெடுபிடியைத் திரையளவில் வையுங்கள்.

அடுத்த சிக்கல், யாரிடம் கேட்கிறது என்பது. உங்கள் வீடியோ கன்ட்ரோலர் நேவிகேஷன் கன்ட்ரோலருக்குள் இருந்தால், ஐஓஎஸ் வெளியே இருக்கும் நேவிகேஷன் கன்ட்ரோலரிடம்தான் கேட்கும். அது உள்ளே இருப்பவரை விசாரிக்காது. டேப் பார் கன்ட்ரோலரும் அப்படித்தான். உள்ளே அழகாக எழுதி வைத்த முறை ஒருதடவைகூட அழைக்கப்படாமல் கிடக்கும். நேவிகேஷன் கன்ட்ரோலரின் துணைவகுப்பு ஒன்றை எழுதி, டாப்வியூகன்ட்ரோலர் சொல்வதையே திருப்பித் தரச் செய்யுங்கள். துணைவகுப்பு பிடிக்காவிட்டால் அதன் டெலிகேட்டிலும் இதற்கென ஒரு முறை இருக்கிறது.

அப்புறம், எப்போது கேட்கிறது? புதிய திரையை நேவிகேஷன் அடுக்கில் தள்ளியதால் மட்டும் போன் திரும்பாது. முன்பெல்லாம் யூஐடிவைஸின் ஓரியன்டேஷன் மதிப்பைச் சாவிப்பெயர் வழியாகத் திணிக்கும் ஒரு குறுக்குவழி ஊரெங்கும் பரவியிருந்தது. ஐஓஎஸ் 16 வந்ததோடு, அதாவது 2022-இல், அது செத்துப்போனது. ஆட்டோரொட்டேட் தொடர்பான ஷுட்ஆட்டோரொட்டேட்டும் அதே பதிப்பில் கைவிடப்பட்டது. பழைய வழிகாட்டியில் இவற்றைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

இப்போதைய முறை இரண்டு அழைப்புகள். முதலில் கன்ட்ரோலரில் செட்நீட்ஸ்அப்டேட்ஆஃப்சப்போர்ட்டட்இன்டர்ஃபேஸ்ஓரியன்டேஷன்ஸ்: "என் பதில் மாறிவிட்டது, மறுபடி கேள்" என்று அர்த்தம். பிறகு விண்டோ சீனில் ரிக்வெஸ்ட்ஜியாமெட்ரிஅப்டேட்: "இப்போதே இந்த நிலைக்குப் போ". வரிசை முக்கியம். பின்னதை முதலில் அழைத்தால் பழைய அனுமதியை வைத்தே முடிவு செய்து மறுத்துவிடும். மறுப்பு எதனால் என்று சொல்லும் பிழைக் கையாளி ஒன்றும் அதோடு வருகிறது. அதை வெறுமனே விடாமல் லாகில் எழுதுங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் வீடியோ திரையைத் தள்ளாமல் முழுத்திரை மோடலாக (இருக்கும் திரையை மூடி மேலே எழும் திரை) காட்டுங்கள். அப்போது ஐஓஎஸ் தானாகவே புதிய கன்ட்ரோலரைக் கேட்டுத் திருப்பும். மூடினால் கீழே இருப்பதைக் கேட்டுப் பழையபடி வரும். மோடல்பிரசன்டேஷன்ஸ்டைலை ஃபுல்ஸ்க்ரீன் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஐஓஎஸ் 13 முதல் இயல்பாக வருவது மேலே கொஞ்சம் இடம்விட்டு எழும் ஷீட். ஷீட்டுக்கு ஓரியன்டேஷனில் ஓட்டுரிமை கிடையாது.

ஸ்விஃப்ட்யூஐயில் திரைக்கென நேரடியான மாடிஃபையர் இல்லை. ஆப் டெலிகேட் அடாப்டரைச் சேர்த்து, அனுமதிக்கும் நிலைகளை டெலிகேட்டில் ஒரு மாறியாக வைத்து, திரை தோன்றும்போது அதை மாற்றி, மேலே சொன்ன இரண்டு அழைப்புகளைச் செய்ய வேண்டும். திரை தோன்றும்போது என்றேன், மறையும்போது அல்ல. படி 3-இல் சொன்ன அதே காரணம்.

இடது, வலது என்று குழம்பினால் அது உங்கள் தவறு இல்லை. சாதனத்தின் லேண்ட்ஸ்கேப்லெஃப்டும் இடைமுகத்தின் லேண்ட்ஸ்கேப்ரைட்டும் ஒன்றேதான். போன் இடப்பக்கம் சாய்ந்தால் உள்ளடக்கம் வலப்பக்கம் சுழல வேண்டும் அல்லவா, அதனால்.

படி 7: ஃபிளட்டர்

சிஸ்டம்குரோமின் செட்பிரிஃபர்டுஓரியன்டேஷன்ஸ் ஒன்றுதான் ஆயுதம். அனுமதிக்கும் நிலைகளைப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். காலிப் பட்டியலைக் கொடுத்தால் இயங்குதளத்தின் இயல்புக்கு விட்டுவிடும். செயலி தொடங்கும்போதே வைப்பதாக இருந்தால் மெயினில் விட்ஜெட்ஸ்ஃபிளட்டர்பைண்டிங்கின் என்ஷுர்இனிஷியலைஸ்டை முதலில் அழையுங்கள்.

இனிட்ஸ்டேட்டில் (திரை பிறக்கும்போது) லேண்ட்ஸ்கேப், டிஸ்போஸில் (திரை அழியும்போது) போர்ட்ரெய்ட் என்பதுதான் எல்லோரும் எழுதும் கோடு. அதில் இரண்டு ஓட்டைகள். பின்னால் போகும்போது, பழைய திரையின் டிஸ்போஸ் அனிமேஷன் முடிந்த பிறகே ஓடும். அதுவரை முகப்புத் திரை படுத்தபடி எட்டிப் பார்க்கும்; பிறகு டக்கென்று எழும். இரண்டாவது ஓட்டை இன்னும் மோசம். ஒரு லேண்ட்ஸ்கேப் திரையிலிருந்து இன்னொரு லேண்ட்ஸ்கேப் திரைக்குப் புஷ்ரீப்ளேஸ்மென்ட் மூலம் போகிறீர்கள் என்று வையுங்கள், அடுத்த வீடியோ ஓடுவது போல. புதிய திரையின் இனிட்ஸ்டேட் முதலில் ஓடி லேண்ட்ஸ்கேப் கேட்கிறது. சற்று நேரம் கழித்துப் பழைய திரையின் டிஸ்போஸ் ஓடி எல்லாவற்றையும் போர்ட்ரெய்ட் ஆக்கிவிடுகிறது. செத்தவர் எழுதிய கடிதம் தாமதமாக வந்து சேர்ந்து வீட்டையே கலைப்பது போல.

சரியான வழி, நேவிகேட்டர்அப்சர்வரின் துணைவகுப்பு ஒன்று. டிட்புஷ், டிட்பாப், டிட்ரீப்ளேஸ், டிட்ரிமூவ் நான்கிலும், இப்போது மேலே இருக்கும் ரூட்டின் பெயரைப் பார்த்து, ஒரே பட்டியலிலிருந்து நிலையை எடுத்து வையுங்கள். டயலாக்கும் கீழிருந்து எழும் ஷீட்டும்கூட ரூட்டுகள்தான். பேஜ்ரூட் வகை மட்டும் என்று வடிகட்டாவிட்டால், வீடியோமேல் ஒரு டயலாக் வந்ததும் போன் எழுந்து நின்றுவிடும். டிட்பாப் அனிமேஷன் தொடங்கும்போதே வருவதால் முதல் ஓட்டையும் பெருமளவு அடைபடுகிறது.

படி 8: ரியாக்ட் நேட்டிவ்

ஜாவாஸ்கிரிப்ட்டில் செயலி எழுதும் ரியாக்ட் நேட்டிவில் நிலைமை கொஞ்சம் இனிமை. ரியாக்ட் நேவிகேஷனின் நேட்டிவ் ஸ்டாக்கில் திரையின் ஆப்ஷன்ஸில் ஓரியன்டேஷன் என்று ஒரு விருப்பமே இருக்கிறது. போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப், ஆல் என்று எழுதினால் போதும். நான் முதலில் இதைத்தான் முயல்வேன்.

அது போதாமல் எக்ஸ்போ என்ற கருவித்தொகுப்பின் ஸ்க்ரீன்ஓரியன்டேஷன் நூலகத்துக்குப் போனால், லாக்அசிங்கை யூஸ்எஃபெக்ட்டில் எழுதாதீர்கள்; யூஸ்ஃபோகஸ்எஃபெக்ட்டில் எழுதுங்கள். ஸ்டாக்கில் அடியில் இருக்கும் திரை அன்மவுன்ட் ஆவதில்லை, எனவே திரும்பி வரும்போது யூஸ்எஃபெக்ட் மறுபடி ஓடாது. எக்ஸ்போவின் ஆப் ஜேசான் கோப்பில் ஓரியன்டேஷன் டிஃபால்ட் என்று இருக்கிறதா எனவும் பாருங்கள். அங்கே போர்ட்ரெய்ட் என்று இருந்தால், ஐஓஎஸ்ஸின் முதல் வாசலே மூடிக் கிடக்கும்.

படி 9: பெரிய திரையில் பூட்டு செல்லாது

மேலே சொன்னதெல்லாம் கோரிக்கைதான், கட்டளை அல்ல. ஆண்ட்ராய்டில் திரையைப் பிரித்து இரண்டு செயலிகளை ஓட்டினால் ஓரியன்டேஷன் கோரிக்கையை இயங்குதளம் கண்டுகொள்ளாது. ஆண்ட்ராய்டு 16 இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஏபிஐ 36-ஐ இலக்காக வைத்த செயலிகளில், குறுகிய பக்கம் 600 டிபி அல்லது அதற்கு மேல் உள்ள திரைகளில், ஓரியன்டேஷன், அளவுமாற்றம், பக்கவிகிதம் குறித்த கட்டுப்பாடுகள் புறக்கணிக்கப்படும். டேப்லெட்டும், விரித்த மடக்குபோனும் இதில் அடக்கம். விளையாட்டுச் செயலிகளுக்கு விலக்கு உண்டு. மேனிஃபெஸ்ட்டில் ஆப்கேட்டகரியை கேம் என்று குறித்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தற்காலிகமாக விலகிக்கொள்ள ஒரு மேனிஃபெஸ்ட் பண்பு இருக்கிறது. ஆனால் ஏபிஐ 37-ஐ இலக்காக்கும்போது அது செல்லாது என்று கூகுள் அறிவித்துவிட்டது.

ஐபேடிலும் இதே காற்றுதான். பல செயலிகளைச் சேர்த்து ஓட்டும் வசதியை ஏற்றுக்கொண்ட செயலி அங்கே நான்கு நிலைகளையும் ஏற்றாக வேண்டும். யூஐரிக்வயர்ஸ்ஃபுல்ஸ்க்ரீன் என்று குறித்தால்தான் கன்ட்ரோலரின் விருப்பத்தை ஐபேட் மதிக்கும். ஃபிளட்டரின் அழைப்பு ஐபேடில் வேலை செய்யவில்லை என்ற புகாருக்கும் விடை இதுவே. அந்தக் குறியையும் ஐபேட்ஓஎஸ் 26-இல் ஆப்பிள் கைவிடப்பட்டதாக அறிவித்திருக்கிறது. கார் ஓட்டும் விளையாட்டு போல, சாதனத்தைச் சாய்ப்பதே ஆட்டமாக இருக்கும் திரைகளுக்கு, தற்போதைய நிலையிலேயே நிற்க விரும்புகிறேன் என்று சொல்லும் பிரிஃபர்ஸ்இன்டர்ஃபேஸ்ஓரியன்டேஷன்லாக்ட் என்ற பண்பு அதே பதிப்பில் வந்தது. பெயரிலேயே "விரும்புகிறேன்" என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள்.

எனவே பூட்டு வைத்த திரையும், பூட்டு உடைந்தால் பார்க்கும்படியாக இருக்க வேண்டும். அழகாக வேண்டாம், பொத்தான் திரைக்கு வெளியே போகாமல் இருந்தால் போதும். உள்ளடக்கத்தைச் சுருள விடுங்கள், அகலத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். "இது போர்ட்ரெய்ட்டா?" என்று கேட்டு அமைப்பை மாற்றாமல், "எவ்வளவு அகலம் இருக்கிறது?" என்று கேட்டு மாற்றுங்கள்.

படி 10: சோதனை

ஐஓஎஸ் சிமுலேட்டரில் கமாண்ட் விசையோடு இடது அல்லது வலது அம்பை அழுத்தினால் திரும்பும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் பக்கப்பட்டையில் பொத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியாகக் கையில் ஒரு நிஜப் போனை எடுத்துக்கொள்ளுங்கள். நேராகப் போய் நேராக வருவது எப்போதும் வேலை செய்யும். அதை ஒருமுறை பார்த்தால் போதும். கோணல்வழிகளைப் பாருங்கள்.

வீடியோ திரையிலிருந்து விரலால் ஓரத்தை இழுத்துப் பாதிவரை வந்து, மனம் மாறி விட்டுவிடுங்கள். திரை எந்த நிலையில் நிற்கிறது? நோட்டிஃபிகேஷனைத் தட்டி நேராக லேண்ட்ஸ்கேப் திரைக்குள் நுழைந்து, அங்கிருந்து பின்னால் போங்கள். வீடியோ ஓடும்போது செயலியைப் பின்னணிக்கு அனுப்பி, போனை நிமிர்த்தி, வேறு செயலியைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் இன்னொரு தடவை. வீடியோமேல் அனுமதி கேட்கும் டயலாக் வரவையுங்கள். படிவத்தில் கீபோர்டு திறந்திருக்கும்போதே லேண்ட்ஸ்கேப் திரைக்குத் தாவுங்கள். மடக்குபோன் கிடைத்தால் வீடியோ நடுவே விரித்துப் பாருங்கள்.

என் வெள்ளிக்கிழமைப் பிழை சிக்கியது இதில் முதல் சோதனையில்தான். பாதி இழுத்து விட்டதும் மறையும்போது ஓட வேண்டிய கோடு ஓடிவிட்டது. திரை மறையவே இல்லை. வீடியோ ஓடிக்கொண்டிருக்க, செயலி மட்டும் முகப்புக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது.